வியர்க்கும் கூரை



ஓட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவே இருக்கும் லொஃப்ட் என்ற பரணைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். லண்டனில் ஹாரோ, வெம்ப்லி, ஈஸ்ட்ஹாம், டூட்டிங் என்று நம்மவர்கள் வீடு வாங்கிக் குடியிருக்கும் பகுதிகளில் அநேகமாக எல்லாமே சாய்கூரை வீடுகள். ஆகவே இந்தப் பரண் உங்களில் பெரும்பாலானோருக்கு இருக்கிறது. ஆனால் வருடத்தில் இரண்டு தடவைக்கு மேல் யாரும் அங்கே ஏறுவதில்லை. பெட்டிகளை ஏற்ற ஒரு தடவை, இறக்க ஒரு தடவை. பிறகு ஜனவரியில் ஒருநாள் படுக்கையறைச் சீலிங்கில் தேநீர் நிறத்தில் ஒரு வட்டம் தெரிகிறது. ஓடு உடைந்து ஒழுகுகிறது என்று முடிவுகட்டிக் கூரை வேலைக்காரரைக் கூப்பிடுகிறோம். அவர் நாலு ஓட்டை மாற்றிவிட்டுப் போகிறார். அடுத்த உறைபனி வாரத்தில் அதே வட்டம் இன்னும் கொஞ்சம் பெரிதாகத் திரும்பி வருகிறது. அந்த வாரம் முழுக்க ஒரு சொட்டு மழைகூடப் பெய்யவில்லை என்பதை யாரும் யோசித்துப் பார்ப்பதில்லை. அந்தத் தண்ணீர் நம் சமையலறையிலும் குளியலறையிலும் நம் மூச்சிலும் பிறந்தது. அதை வெளியே கொண்டுபோகக் கூரைக்குக் காற்றோட்டம் வேண்டும். ஆனால் சீலிங்கில் உள்ள ஓட்டைகளை அடைக்காமல் கூரையில் மட்டும் துளை போடுவது பாதி வேலைதான். இந்த இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும் என்பதுதான் என் வாதம். அதற்கான காரணங்களைச் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. காற்று எவ்வளவு நீராவியைத் தாங்கும் என்பதை அதன் வெப்பநிலை தீர்மானிக்கிறது. 20 பாகை செல்சியஸில் ஒரு கனமீற்றர் காற்று 17 கிராமுக்குச் சற்று மேல் தாங்கும். 10 பாகையில் 9.4 கிராம். பூச்சியப் பாகையில் 5 கிராம்கூடத் தாங்காது. குளிர்காலத்தில் ஹீற்றிங் போட்ட ஒரு வீட்டில் 20 பாகை வெப்பமும் 55 சதவீத சாரீரப்பதனும் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம், சாதாரணமான நிலைமைதான். அப்போது ஒவ்வொரு கனமீற்றர் காற்றிலும் ஏறக்குறைய 9.5 கிராம் நீராவி இருக்கும். 11 பாகைக்குக் குறைவான எந்தப் பரப்பில் பட்டாலும் அந்தக் காற்று நீர்த்துளியை விட்டுவிடும். குளிர்ந்த தண்ணீர் நிறைத்த செம்பின் வெளிப்புறம் வியர்க்கிறதே, அதே செயல்தான். நாலைந்து பேர் வாழும் வீட்டில் மூச்சு, வியர்வை, சமையல், குளியல், துணி உலர்த்தல் எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 10 லீற்றர் தண்ணீரைக் காற்றில் ஏற்றுகின்றன. காலையில் புட்டு அவித்து, மத்தியானம் சோறு வடித்து, இரவில் இடியப்பம் அவிக்கும் வீடுகளில் அந்தக் கணக்கு இன்னும் கூடும். நீராவியில் வேகவைக்கும் உணவு நம்முடையது. இந்த 10 லீற்றரும் எந்த வழியாகவாவது வீட்டைவிட்டு வெளியேறித்தான் ஆக வேண்டும்.

முன்பு அது சுலபமாக வெளியேறியது. விக்டோரியா காலத்து வீட்டில் அறைக்கு அறை நெருப்படுப்பு இருந்தது. எரியும் நிலக்கரி வீட்டுக் காற்றை இழுத்துப் புகைபோக்கி வழியே வெளியே தள்ளிக்கொண்டே இருந்தது. யன்னல் சட்டங்களின் இடுக்குகளில் காற்று புகுந்தது. கூரையில் சட்டத்தின்மேல் கற்பலகையை ஆணியடித்துவிட்டு, அடியில் வேறெதுவும் விரிக்காமல் விட்டார்கள். பரணில் நின்றால் பலகைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரியும். நம் ஊர் ஓட்டு வீட்டு அடுப்படியும் இப்படித்தானே இருந்தது? புகையும் ஆவியும் ஓட்டு இடுக்குகளால் தாமாகவே மேலெழுந்து போயின. கூரைக்குக் காற்றோட்டம் வேண்டும் என்று யாரும் நினைக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு பிரிட்டனில் நிலைமை மாறியது. ஓட்டுக்கு அடியில் தார் தோய்த்த ஃபெல்ட் விரிப்பது வழக்கமாயிற்று. மழையையும் காற்றையும் அது நன்றாகத் தடுத்தது. நீராவியையும் அதே அளவுக்குத் தடுத்தது. 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்த பிறகு நிலக்கரி மெல்ல விலகியது, நெருப்படுப்புகளை அடைத்தார்கள், சென்ட்ரல் ஹீற்றிங் வந்தது, இரட்டைக் கண்ணாடி யன்னல்கள் வந்தன. 1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு எரிபொருளை மிச்சப்படுத்துவது நாட்டின் கொள்கையாயிற்று. 1978இல் வீட்டு இன்சுலேசன் சட்டம் வந்து, லொஃப்டில் இன்சுலேசன் போட மானியம் கொடுத்தது. இன்று பரிந்துரைக்கப்படும் கனம் 270 மில்லிமீற்றர், அதாவது ஒரு அடிக்குச் சற்றுக் குறைவு.

இந்த மாற்றங்கள் ஒவ்வொன்றும் நல்லவை. இன்சுலேசனைக் குறைகூற நான் இங்கே வரவில்லை. குளிரில் நடுங்கும் முதியவர்களுக்கு அது உயிர்காப்பு. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்சுலேசன் மெலிதாக இருந்த காலத்தில் அறையின் சூடு சீலிங்கைத் தாண்டி மேலே கசிந்து பரணையும் கொஞ்சம் வெதுவெதுப்பாக வைத்திருந்தது. 270 மில்லிமீற்றர் போட்டதும் அந்தச் சூடு நின்றுவிட்டது. பரண் இப்போது வெளிக்காற்றின் குளிருக்கு வந்துவிட்டது. ஆனால் சீலிங்கில் இருந்த ஓட்டைகள் அப்படியே இருக்கின்றன. கம்பளிப் பஞ்சுபோன்ற இன்சுலேசன் சூட்டைத் தடுக்கும். தன்னூடாக மேலேறும் காற்றைத் தடுக்காது. ஆக, முன்பைவிடக் குளிர்ந்த ஓர் இடத்துக்கு முன்பைப் போலவே ஈரக்காற்று ஏறிக்கொண்டிருக்கிறது. இதற்கு மேல், இன்சுலேசன் போட வந்தவர்கள் ஒரு மூலை விடாமல் அடைக்க வேண்டும் என்ற ஆர்வத்தில் அதை இறவாரம் வரைக்கும் தள்ளி இறுக்கிவிடுகிறார்கள். கூரையின் கீழ்விளிம்பில் காற்று நுழைந்துகொண்டிருந்த அந்த ஒரே இடுக்கும் அடைபட்டுப் போகிறது.

உறைபனி விழுந்த ஒரு காலையில் அப்படிப்பட்ட பரணில் ரோர்ச் அடித்துப் பாருங்கள். ஃபெல்ட்டின் உட்புறம் முழுக்க வெள்ளைப் பூச்சுப்போல உறைபனி படிந்திருக்கும். ஓட்டைப் பிடித்திருக்கும் ஆணிகளின் முனைகள் ஃபெல்ட்டைத் துளைத்துக்கொண்டு உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு முனையிலும் கடுகளவு பனிமணி. பதினொரு மணிக்கு வெயில் ஓட்டில் பட்டதும் அது உருகத் தொடங்கும். துளிகள் ஃபெல்ட்டின் சரிவில் வழிந்து, அது தொய்ந்திருக்கும் இடத்தில் கூடி, ஒரே கோட்டில் இன்சுலேசன் மேல் சொட்டும். இன்சுலேசனைப் புரட்டினால் ஆணிகளுக்கு நேர் கீழே துருநிறப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். மழை ஒழுக்குக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். ஒழுக்கு ஓரிடத்தில் இருக்கும், மழையோடு வரும். வியர்வை கூரை முழுக்கப் பரவியிருக்கும், மழையில்லாத தெளிந்த குளிருக்குப் பின்னால் வரும். வடக்குப் பார்த்த சரிவில் அதிகமாக இருக்கும். கைமரங்களில் கறுப்புப் பூஞ்சணம் பிடித்திருந்தால் இது ஓரிரு நாளில் வந்ததல்ல என்று அர்த்தம். மரத்தின் ஈரப்பதன் 20 சதவீதத்துக்கு மேல் நெடுநாள் நின்றால் அது உளுத்துப்போகும் ஆபத்து தொடங்குகிறது.

ஈரக்காற்று மேலே ஏறுவது எப்படி? சீலிங் பலகையின் ஊடாகவே மெல்லப் பரவிப் போவது ஒரு பங்குதான். பெரும்பகுதி ஓட்டைகளால் போகிறது. சூடான காற்று எழும்பும், எழும்பும் காற்று வழி தேடும். லொஃப்ட் மூடியையே எடுத்துக்கொள்வோம். 600 மில்லிமீற்றர் நீள அகலமுள்ள ஒரு மூடியைச் சுற்றி 2 மில்லிமீற்றர் இடுக்கு இருந்தால், மொத்தப் பரப்பு 48 சதுர சென்ரிமீற்றர். 7 சென்ரிமீற்றர் பக்கமுள்ள ஒரு சதுரத் துளையைச் சீலிங்கில் வெட்டித் திறந்து வைத்ததற்குச் சமம். சீலிங்கில் பதித்த ஸ்பொட் லைற்றுகள், தண்ணீர்க் குழாய்கள் ஏறும் இடங்கள், மின்கம்பித் துளைகள், குளியலறை ஃபேனைச் சுற்றியுள்ள இடைவெளி என்று இப்படி எத்தனையோ. எல்லாவற்றையும்விட மோசமானது ஒன்று உண்டு. குளியலறை ஃபேனின் குழாய் கூரைக்கு வெளியே போகாமல் பரணுக்குள்ளேயே முடிந்திருக்கும். அல்லது வெளியே போகும் குழாய் கழன்று இன்சுலேசன் மேல் கிடக்கும். விதிகளின்படி குளியலறை ஃபேன் விநாடிக்கு 15 லீற்றர் காற்றை இழுக்க வேண்டும். அது மணிக்கு 54 கனமீற்றர். வெந்நீர்க் குளியலின் காற்று கனமீற்றருக்கு 15 கிராமைச் சுலபமாகச் சுமக்கும். அந்த ஃபேன் ஒரு மணி நேரம் ஓடினால் முக்கால் லீற்றருக்கும் அதிகமான தண்ணீர் நேரே பரணுக்குள் போகிறது. ஈரத்தை வெளியேற்றவென்று பூட்டிய கருவியே ஈரத்தைச் சேர்த்துவைக்கிறது.

இனி என் வாதத்தின் மையத்துக்கு வருகிறேன். வெளியே 2 பாகை, காற்றின் ஈரப்பதன் 90 சதவீதம் என்று வைப்போம். அந்தக் காற்றில் கனமீற்றருக்கு 5 கிராம் நீராவி இருக்கும். 2 பாகையில் காற்று அதிகபட்சம் தாங்கக்கூடியது 5.6 கிராம். வீட்டிலிருந்து மணிக்கு 10 கனமீற்றர் காற்று, கனமீற்றருக்கு 9.5 கிராமோடு, பரணுக்கு ஏறுகிறது. இறவாரம் அடைபட்டதால் வெளிக்காற்று மணிக்கு 20 கனமீற்றர்தான் உள்ளே வருகிறது. இரண்டும் கலந்தால் கனமீற்றருக்கு 6.5 கிராம், தாங்கும் அளவைத் தாண்டிவிட்டது, மிச்சம் ஃபெல்ட்டில் தண்ணீராகும். இறவாரத்தைத் திறந்து வெளிக்காற்றை மணிக்கு 250 கனமீற்றராக்குங்கள். கலவை 5.2 கிராமுக்கு இறங்கும். கூரை உலர்ந்துவிடும். இப்போது வேறொரு வழியில் பாருங்கள். இறவாரத்தைத் தொடாமல் சீலிங் ஓட்டைகளை மட்டும் அடைத்து, மேலேறும் காற்றை மணிக்கு 2 கனமீற்றராகக் குறையுங்கள். கலவை 5.4 கிராம். இதுவும் அளவுக்குள்தான். ஒரு குழாய் அடைப்புப் பசை, நுரைப்பட்டி, மூடிக்கு இரண்டு கொளுக்கி, இவ்வளவு மலிவான வேலை, கூரையெல்லாம் துளைபோடும் வேலைக்குக் கிட்டத்தட்ட ஈடாக நிற்கிறது. இவை நான் எடுத்துக்கொண்ட மாதிரி எண்கள். வீட்டுக்கு வீடு மாறும். ஆனால் அவை காட்டும் உறவு மாறாது. அடைப்பும் திறப்பும் ஒன்றுக்கொன்று துணை. ஒன்றில் விட்ட குறையை மற்றது ஓரளவுக்குத்தான் ஈடுசெய்யும்.

திறப்பு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்குப் பிரிட்டிஷ் தரநிலை 5250 அளவு சொல்கிறது. சரிவு 15 பாகைக்கு மேற்பட்ட கூரையில், எதிரெதிர் இறவாரங்கள் இரண்டிலும் 10 மில்லிமீற்றர் அகலத் தொடர் இடுக்குக்குச் சமமான திறப்பு வேண்டும். சரிவு அதற்குக் குறைந்தால் 25 மில்லிமீற்றர். 10 மில்லிமீற்றர் என்றால் என்னவோ சின்னதாகத் தோன்றும். 5 மீற்றர் அகலமுள்ள ஒரு ரெரஸ் வீட்டுக்கு அது ஒரு பக்கத்துக்கு 500 சதுர சென்ரிமீற்றர். கடையில் விற்கும் 70 மில்லிமீற்றர் வட்ட வென்ற், அதாவது காற்றுத்துளை மூடி, ஒன்றின் துளைப் பரப்பு 38 சதுர சென்ரிமீற்றர். பூச்சி தடுக்கும் கம்பியைக் கழித்தால் ஏறத்தாழ பாதிதான் மிஞ்சும். ஆகவே 20 சென்ரிமீற்றருக்கு ஒன்று வீதம் பக்கத்துக்கு இருபத்தைந்து வேண்டும். முன்னால் மூன்று, பின்னால் மூன்று பூட்டிவிட்டு "வென்ற் போட்டாச்சு" என்று சொல்லும் வேலைகளைப் பற்றி நீங்களே முடிவு செய்யுங்கள். துளை போட்டாலும், உள்ளே இன்சுலேசன் அதை மூடியிருந்தால் பயனில்லை. கைமரங்களுக்கு இடையே பிளாஸ்டிக் தட்டுகளைச் செருகி, ஃபெல்ட்டுக்கும் இன்சுலேசனுக்கும் நடுவே குறைந்தது 25, முடிந்தால் 50 மில்லிமீற்றர் இடைவெளி விட வேண்டும். இறவாரத்தைத் தொட முடியாத வீடுகளில் ஃபெல்ட் ஒன்றன்மேல் ஒன்று படியும் மடிப்புகளில் உள்ளிருந்தே செருகக்கூடிய சிறிய பிளாஸ்டிக் துண்டுகள் உண்டு. ஏணியும் சாரமும் வேண்டாத வேலை அது. முகட்டில் மட்டும் துளைபோடச் சொல்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். கீழே காற்று நுழைய வழியில்லாமல் மேலே மட்டும் திறந்தால், காற்று முகட்டால் வெளியேறும். அதன் இடத்தை நிரப்பச் சீலிங் ஓட்டைகளால் வீட்டுக் காற்றை இழுக்கும். நோய்க்கு மருந்தென்று நோயையே கூட்டிக்கொண்ட கதையாகும்.

இதற்குச் சொல்லப்படும் மறுப்புகளைப் பார்ப்போம். காசு கொடுத்துச் சூடாக்கிய வீட்டில் துளை போடுவதா என்பது முதலாவது. சூட்டுக்கான எல்லை சீலிங்கில் விரித்த இன்சுலேசனோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேலே இருப்பது, கூரை போட்ட வெளி. அங்கே காற்று வீசினால் வீடு குளிராது. இன்சுலேசன் ஓரத்தில் காற்று அடித்து அதன் பலனைக் குறைக்கலாம் என்பது உண்மைதான். அதற்காகத்தான் அந்தப் பிளாஸ்டிக் தட்டுகள். பரணில் தண்ணீர்த் தொட்டியும் குழாய்களும் இருந்தால் அவற்றுக்கு உறை போட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் உறையும். தொட்டிக்கு மூடியும் வேண்டும். ஆனால் ஈரமான இன்சுலேசன் சூட்டைத் தடுக்கும் திறனை இழக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். காற்றோட்டம் இல்லாத பரண்தான் காசைக் கரைக்கிறது.

இரண்டாவது மறுப்பு கனமானது, நேர்மையாக எதிர்கொள்ள வேண்டியது. பிரிட்டனின் குளிர்காலக் காற்றே ஈரமானதாயிற்றே, அதை உள்ளே விட்டு எப்படி உலர்த்துவது? 90 சதவீதம் என்ற எண் நம்மை ஏமாற்றுகிறது. முன்னே பார்த்தோம், 2 பாகைக் காற்றில் 90 சதவீதம் என்பது 5 கிராம். 20 பாகை வீட்டுக் காற்றில் 55 சதவீதம் என்பது 9.5 கிராம். வெளிக்காற்று உண்மையில் வறண்டது. ஆயினும் இந்த மறுப்பு முழுக்கத் தவறென்று சொல்ல மாட்டேன். முகில் இல்லாத அமைதியான இரவில் கூரை தன் சூட்டை வானத்துக்குக் கதிர்வீசி இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடச் சில பாகை குளிர்ந்துவிடும். ஃபெல்ட் −2 பாகைக்கு இறங்கினால் அதையொட்டிய காற்று தாங்குவது 4.2 கிராம்தான். அப்போது வெளியிலிருந்து வரும் 5 கிராம் காற்றும் அதில் ஈரத்தை விடும். சுவீடனின் கோத்தன்பர்க் நகரிலுள்ள சால்மர்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைத் துருவிப் பார்த்திருக்கிறார்கள். இன்சுலேசன் கூடக்கூடக் குளிர்ந்த பரண்களில் பூஞ்சணம் பெருகியதைக் கண்டு, வெளிக்காற்று உலர்த்தக்கூடிய நேரத்தில் மட்டும் ஃபேன் ஓடும் காற்றோட்ட முறையை உருவாக்கினார்கள். அப்படியானால் இங்கும் மூடிவைப்பது நல்லதா? இல்லை. அந்த இரவுகளில் படியும் ஈரத்தை மரம் கொஞ்சம் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மறுநாள் பகலின் காற்றோட்டம் அதை எடுத்துப் போகும். வீட்டு ஈரமும் அதனோடு சேர்ந்தால்தான் பகல் நேரம் போதாமல் போகிறது. சால்மர்ஸ் ஆய்வு எனக்கு உணர்த்துவது, காற்றோட்டம் என்ற ஒன்றையே நம்பியிருக்க முடியாது என்பதைத்தான். சீலிங்கை அடைப்பதை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு அதுவே வலுவான காரணம்.

எங்கள் கூரையில் புதுவகை "மூச்சுவிடும்" விரிப்பு இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். 1990களிலிருந்து பரவிய இந்த விரிப்பு நீராவியை ஊடுருவ விடுகிறது, தார் ஃபெல்ட்டைவிட நல்லதுதான். ஆனால் ஊடுருவல் மெதுவானது. அதன்மேல் உறைபனி படிந்துவிட்டால் அந்த வழியும் அடைபடும். புதுவீடுகளுக்கு உத்தரவாதம் வழங்கும் என்ஹெச்பிசி நிறுவனம், இத்தகைய விரிப்பு போட்ட கூரைக்கும் முகட்டில் 5 மில்லிமீற்றர் தொடர் திறப்புக்குச் சமமான காற்றோட்டம் கேட்கிறது. புதுவீட்டில் சுவர்ச் சாந்தும் கொங்கிறீற்றும் முதல் குளிர்காலத்தில் உலர்ந்துகொண்டிருக்கும் என்பதையும் மறக்கக்கூடாது. ஈரம் உறிஞ்சும் மின்கருவியைப் பரணில் வைக்கலாமா என்றால், வேண்டாம். சாதாரணக் கருவிகள் அந்தக் குளிரில் திறமையாக வேலை செய்யாது. திறந்த வெளியை உலர்த்த முயல்வதும் வீண். ஓட்டின் அடியில் நுரை தெளித்து ஒட்டிவிடும் முறையை விற்க வீட்டு வாசலுக்கே வருவார்கள். மரத்தை அது மூடிவிடுவதால் உள்ளே உளுத்துப்போகிறதா என்று பார்க்கவே முடியாமல் போகிறது. அதனாலேயே பல கடன் நிறுவனங்கள் அப்படிப்பட்ட வீட்டுக்கு மோட்கேஜ் கொடுக்கத் தயங்குகின்றன.

வேலையைத் தொடங்குமுன் இரண்டு சங்கதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் அஸ்பெஸ்டஸ் முற்றாகத் தடைசெய்யப்பட்டது 1999இல். அதற்கு முந்திய வீடுகளில் இறவாரத்தின் அடிப்பலகை அஸ்பெஸ்டஸாக இருக்கலாம். பரிசோதிக்காமல் அதில் துளை போடவே கூடாது. அந்தத் தூசு நுரையீரலுக்கு எமன். மற்றது, வௌவால்கள். 1981ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் அவற்றையும் அவை தங்கும் இடங்களையும் காக்கிறது. பரணில் அவை இருந்தால் அவற்றின் வழியை அடைப்பது குற்றம். முதலில் ஆலோசனை கேட்க வேண்டும்.

செப்ரெம்பரில் தொடங்குவது நல்லது. முதலில் ஃபேனின் குழாயை வெளியே கொண்டுபோய் விடுங்கள். பிறகு லொஃப்ட் மூடிக்கு நுரைப்பட்டி ஒட்டி, குழாய் ஏறும் துளைகளை அடையுங்கள். அடுத்து ஒரு பகல் வேளையில் பரணில் ஏறி விளக்கை அணைத்துவிட்டு இறவாரத்தைப் பாருங்கள். வெளிச்சக் கோடு தெரியாத இடங்களில் இன்சுலேசனை ஒரு சாண் பின்னுக்கு இழுத்துத் தட்டைச் செருகுங்கள். நனைந்த இன்சுலேசனை எடுத்து உலரவைத்த பிறகே திரும்ப விரிக்க வேண்டும். இதையெல்லாம் செய்தால் ஃபெல்ட்டில் துளிகள் படிவது சில நாட்களிலேயே நின்றுவிடும். கைமரங்கள் அவ்வளவு சீக்கிரம் உலராது. மரத்தின் ஈரத்தை அளக்கும் சிறிய கருவி ஒன்றை வாங்கி, வடக்குச் சரிவில் ஒரே கைமரத்தில் ஒரே இடத்தில், மாதம் ஒரு தடவை பங்குனி வரை அளந்து, அந்த எண்ணையும் தேதியையும் அந்த மரத்திலேயே பென்சிலால் எழுதிவையுங்கள்.